நான் வேண்டாம் என்றதும், என் கை வழங்காமற் போனதும்

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் கடைசிப் பக்கத்தில் ஒரு திங்கட்கிழமை காலை என் வலது கை வழங்காமற் போயிற்று. முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். வாளிக் கயிற்றைப் பிடிக்கக் கையை நீட்டினால் மணிக்கட்டு தொங்கியது. விரல்களை விரிக்க முடியவில்லை. வலி இல்லை. வலி இருந்திருந்தால் பயம் குறைவாக இருந்திருக்கும்.

அதற்கு முந்திய கிழமைதான் ஒரு கலியாணத்தை வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டாத ஒரு ஆளையும் அந்தக் காலத்தில் நான் பார்க்கவில்லை.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஆரையம்பதியில் அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம். அப்பா நான் தவழும் பருவத்திலேயே காய்ச்சலில் போய்விட்டார். வீடும் தென்னந்தோட்டமும் அம்மாவுக்கு அவளுடைய தாய்வழியாக வந்தவை, அம்மாவிடமிருந்து எனக்கு வர இருந்தவை. எங்கள் பக்கத்தில் பெண்தான் வீட்டுக்குரியவள். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேர்வார். ஆகவே, என்னை இந்த வீட்டை விட்டுப் போ என்று சொல்ல ஒருவராலும் முடியாது. என் வாய் நீண்டதற்கு அதுதான் காரணம் என்று மாமா சொல்வார். அவருக்கு எதற்கும் ஒரு காரணம் வேண்டும்.

மாமா என்றால் அம்மாவின் மூத்த அண்ணன். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வட்டை என்று நாங்கள் சொல்லும் பெரிய வயல்வெளியில் நெல் செய்தவர். அவருடைய மகனுக்கு, அதாவது என் மச்சானுக்கு, என்னைக் கட்டிக்கொடுப்பது என்று நான் பிறந்த அன்றே பேசியாகிவிட்டதாம். மச்சான் கெட்டவர் இல்லை. குடி இல்லை, கோபம் இல்லை. வயலில் தகப்பனோடு நின்று பாடுபடுகிறவர். ஆனால் நான் ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஆசிரியர் கலாசாலைக்குப் போகவும் ஆசை. அதனால் பேச்சு முற்றியபோது மச்சானை வேலியோரம் மறித்து நேரே கேட்டேன்.

"கலியாணத்துக்குப் பிறகும் நான் படிப்பிக்கப் போவன். உங்களுக்குச் சம்மதமா?"

அவர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "அப்பாட்டக் கேட்டுச் சொல்றன்" என்றார்.

கேட்டார். சம்பளத்துக்குப் போகும் மருமகள் எங்கள் குடும்பத்துக்குக் குறைச்சல் என்று மாமாவிடமிருந்து பதில் வந்தது. நான் மாட்டேன் என்றேன். இதில் மர்மம் ஒன்றுமில்லை. ஒரு கேள்வி, ஒரு பதில், அதற்கு என் பதில். ஒரு சிறுபிள்ளைக்குக்கூட விளங்கும்.

கை விழுந்ததும் அது ஒருவருக்கும் விளங்காமற் போயிற்று.

"என்ட அண்ணனை எதிர்த்துக் கதைச்சாய். தெய்வம் பார்த்துக்கொண்டு இரிக்குமா புள்ள?" என்று அம்மா அழுதாள். களுதாவளைப் பிள்ளையாருக்கு வெள்ளியில் கை செய்து போடுவதாக நேர்ந்துகொண்டாள். மாமாவின் கணக்கு வேறு. அவர் முற்றத்தில் நின்று என் கையைப் பார்த்தார். பார்த்தபோது அவர் முகத்தில் கவலை இருந்தது, பொய் சொல்லக் கூடாது. கவலையோடு ஒரு நிம்மதியும் இருந்தது.

"இப்பதான் எனக்கு விளங்குது" என்றார் அம்மாவிடம். "கை விழுந்த பிறகு பேய் பிடிக்கல்ல. பேய் முதலே பிடிச்சிட்டுது. கலியாணம் வேண்டாமெண்டு கதைச்சதே இவள் இல்லகா. அதுதான் கதைச்சது."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கை போனது ஒரு நட்டம்தான். அதைவிடப் பெரிய நட்டம், என் பேச்சு என்னுடையது இல்லை என்று ஆனது. நான் யோசித்து, பயந்து, துணிந்து சொன்ன ஒரு சொல்லை நோயின் முதல் அடையாளமாக மாற்றிவிட்டார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஞாயிறு பின்னேரம் அலுப்பில் மர வாங்கில் இருந்தபடி சாய்ந்து, அதன் முதுகுப் பலகைக்கு மேலால் கையைப் போட்டபடி உறங்கி, விடியத்தான் எழும்பினேன். பலகை கையை அமுக்கியிருக்கலாம். இதைச் சொன்னேன். மாமா சிரித்தார். "வாங்கில உறங்கின எல்லாருக்குமா கை விழுந்திருக்கு?" என்றார். பேய் பிடித்த எல்லாருக்குமா கை விழுந்திருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்டேன். அதுவும் பேய் கேட்ட கேள்வியாயிற்று.

அடுத்த வெள்ளிக்கிழமை உச்சியில் அம்மன் கோயிலில் பூசையும் பேயோட்டலும் செய்யும் கட்டாடியாரை மாமா கூட்டிவந்தார். வேப்பிலை, மஞ்சள் தண்ணீர், சாம்பிராணி. முற்றத்தில் என்னைப் பாயில் இருத்தினார்கள். வேலிக்கு வெளியே ஊரில் பாதி நின்றது. நான் எழுந்து உள்ளே போயிருக்கலாம். வீடு எங்களுடையது. ஆனால் அம்மா என் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அவளை உதறிவிட்டுப் போக மனம் வரவில்லை.

கட்டாடியார் வேப்பிலையால் என் தலையிலிருந்து கால்வரை தடவினார். பிறகு குரலை உயர்த்தினார்.

"சொல்லு! நீ ஆர்?"

"மூண்டாம் வகுப்பு ரீச்சர்" என்றேன்.

வேலிப்பக்கம் யாரோ சிரித்தார்கள். அவர் அசரவில்லை.

"எங்கயிருந்து வந்தாய்?"

"இந்த வீட்டிலதான் பிறந்தன்."

"இந்தப் பொண்ணை விட்டுப் போறியா, இல்லையா?"

"நான் போனா இதுக்குள்ள ஆர் இரிக்கிற?"

ஒரு கணம் அவர் கை நின்றது. பிறகு மாமாவைப் பார்த்துத் தலையாட்டினார். மகா பொல்லாதது, நன்றாகப் பேசத் தெரிந்தது என்றார். அப்போதுதான் எனக்குப் பொறுமை போயிற்று. பாயை விட்டு எழும்பினேன்.

"மாமா, ஒண்டு கேக்கன். கையைப் பிடிச்சு வச்சிரிக்கிறது பேய். வாயால கதைக்கிறதும் பேய். அப்ப நான் எங்க இரிக்கன்? காட்டுங்க பாப்பம். என்னைக் காட்டினா நீங்க சொல்றதைக் கேக்கன்."

மாமா கட்டாடியாரைப் பார்த்தார்.

"பேய்க்கு இந்தக் கலியாணம் வேண்டாம். எனக்கும் வேண்டாம். நாங்க ரெண்டு பேரும் இதில ஒரே கருத்து. போய்ட்டு வாங்க."

நான் உள்ளே போனேன். அம்மா அன்று என்னோடு பேசவில்லை. ஆனால் சோற்றைக் குழைத்து உருட்டி என் இடது கைக்குத் தோதாக வைத்தாள்.

வீறாப்பாகப் பேசிவிட்டேனே தவிர, தனியே இருக்கும்போது நான் செய்ததை ஒருவரும் அறிய மாட்டார்கள். பின்னேரங்களில் வாவிக்கரையில் போய் இருப்பேன். கையை மடியில் வைத்து, "எழும்பு" என்பேன். மனத்துக்குள் சொல்வேன், வாய்விட்டும் சொல்வேன். அது வேறொருவரின் கை போலக் கிடக்கும். இடது கையைப் பார்த்து எழும்பு என்று நினைத்தால், நினைத்து முடிவதற்குள் அது எழும்பி நிற்கும். இரண்டுக்கும் நான் ஒரே விதமாகத்தான் கட்டளையிட்டேன். ஒன்று கேட்டது, மற்றது கேட்கவில்லை. எந்த இடத்தில் அறுந்தது?

பல நாள் இப்படி இருந்தபின் ஒரு நாள் திடுக்கென்று ஒன்று தோன்றியது. அறுந்த இடத்தைத் தேடுகிறேனே, அறுவதற்கு முன் அது எப்படிப் பொருந்தியிருந்தது என்று எனக்குத் தெரிந்ததா? பிறந்தது முதல் கையைத் தூக்கியிருக்கிறேன். எப்படித் தூக்கினேன்? தூக்க வேண்டும் என்று நினைத்தேன், கை எழும்பியது. நடுவில் என்ன நடந்தது என்று ஒரு நாளும் நான் கண்டதில்லை. இடது கை இப்போதும் எழும்புகிறது; அதுவும் எப்படி என்று தெரியாது. நினைப்புக்குக் கனமில்லை, உருவமில்லை. கை எலும்பும் சதையும். கனமில்லாத ஒன்று இவ்வளவு கனமானதை எதைக்கொண்டு இழுக்கிறது? எனக்குத் தெரியவில்லை. ஆனால் மாமாவுக்கும் தெரியாது, கட்டாடியாருக்கும் தெரியாது என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. நல்ல கை எப்படி ஓடுகிறது என்று தெரியாதவர்கள், கெட்ட கை ஏன் நின்றது என்று எனக்குச் சொல்ல வந்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனேன். இடது கையில் வெண்கட்டியைப் பிடித்துக் கரும்பலகையில் எழுதினேன். எழுத்துகள் வெறிகாரன் நடந்த தடம் போல் இருந்தன. பிள்ளைகள் சிரித்தார்கள். "சிரிங்க. சிரிச்சு முடிஞ்ச பிறகு பாத்து எழுதுங்க" என்றேன். எழுதினார்கள். ஆனால் இடது கையால் எழுதிக் காட்டும் எழுத்து பிள்ளைகளுக்கு ஆகாது என்று இரண்டு மூன்று தாய்மார் பள்ளிக்கூட முகாமையாளரிடம் போனார்கள். அவர் என்னைக் கூப்பிட்டு, கை சுகமாகும்வரை வீட்டில் நிற்கலாமே என்றார்.

"ஐயா, நான் படிப்பிச்சதில பிழை இரிக்கா?"

"பிழையெண்டு இல்ல. சனம் கதைக்குது."

"சனம் கதைக்கிறதுக்கு என்ட கை காரணமில்ல. சனத்தின்ட வாய்தான் காரணம்."

அவர் நல்ல மனிதர். பட்டணத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினால் தாய்மாரைச் சமாளித்துவிடுகிறேன் என்றார். டாக்டரிடம் போவதில் எனக்குத் தடையில்லை. உண்மையில் ஆவலாகவே இருந்தது. படித்தவர் ஒருவராவது வாங்குப் பலகையைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன்.

மாமாவும் கூட வந்தார். காத்தான்குடி கடந்து, கல்லடிப் பாலத்தைத் தாண்டிப் பஸ்ஸில் பட்டணம் போனோம். டாக்டர் யாழ்ப்பாணத்தவர், தனியாக மருந்துச்சாலை வைத்திருந்தார். மாமா முதலில் உள்ளே போய்க் கதையெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். பிறகு நான் போனேன்.

டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்தார், சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தார். பிறகு மேசையில் இருந்த மின்சாரப் பெட்டியைத் திறந்து, ஈரப் பஞ்சு சுற்றிய கம்பியை என் முழங்கைக்குக் கீழே வைத்தார். என் விரல்கள் சடாரென்று விரிந்தன.

நான் கத்திவிட்டேன். வலியால் அல்ல. விரிந்தது என் கை. விரித்தது நான் அல்ல. அந்த மாதிரி ஒரு அந்தரத்தை நான் அதற்கு முன்னும் அறியவில்லை, பின்னும் அறியவில்லை.

"பாத்தீரோ?" என்றார் டாக்டர். "நரம்பு நல்லாயிருக்கு. தசை நல்லாயிருக்கு. பிழை கையிலை இல்லைப் பிள்ளை. உம்மட மனசுதான் கையைப் பிடிச்சு வைச்சிருக்கு. கலியாணத்திலை விருப்பமில்லையாமே?"

"விருப்பமில்ல. அதை வாயால சொல்லிட்டன். வாயால சொன்ன பிறகு கையாலயும் சொல்ல வேணுமா?"

"உமக்குத் தெரியாமல் மனசு செய்யும்."

வாங்குப் பலகையைப் பற்றிச் சொன்னேன். கை அசைத்து ஒதுக்கிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது.

"ஐயா, மனசு கையைப் பிடிச்சிரிக்கு எண்டு சொல்றீங்க. மனசுக்குக் கை இரிக்கா?"

அவர் என்னை முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தார். சிரித்தார். அந்த நேரம் சுவர் மணிக்கூடு பதினொன்று அடித்தது. அது ஓய, தெருவுக்கு அப்பால் தேவாலய மணியும் அடித்தது.

"இந்த மணிக்கூடு அடிச்சதாலையோ கோயில் மணி அடிச்சது?" என்று கேட்டார்.

"இல்ல."

"மேல்நாட்டிலை சிலர் மனசும் உடம்பும் இப்பிடித்தான் எண்டு சொன்னவை. ஒண்டு மற்றதை அசைக்கிறேல்லை. ஆண்டவன் இரண்டையும் ஒரே நேரத்துக்கு முடுக்கி விட்டிருக்கிறானாம். வேறை ஆக்கள் அதை மறுத்தவை. நான் படிக்கிற காலத்திலை இதுகளை விடிய விடியக் கதைச்சிருக்கிறம்."

அந்த ஒரு நிமிடம் அவரை எனக்குப் பிடித்திருந்தது. வாவிக்கரையில் நான் தனியே இருந்து மண்டையை உடைத்த கேள்வியை வேறு யாரோ, எங்கோ, எப்போதோ கேட்டிருக்கிறார்கள். நான் பைத்தியம் இல்லை.

"அப்ப ஐயா, நான் வேண்டாமெண்டதும் என்ட கை விழுந்ததும் அந்த ரெண்டு மணி போல இரிக்கப்படாதா? ஒண்டுக்குப் பின்னால மற்றது வந்திட்டு. அதால வந்ததெண்டு ஏன் எல்லாரும் கட்டுறீங்க?"

டாக்டர் எழுந்து கை கழுவினார்.

"நீர் நல்லா வாதாடுறீர். இந்த நோய் வந்த வருத்தக்காரர் அப்பிடித்தான். அதுவும் ஒரு அறிகுறி."

கட்டாடியாரின் முற்றத்திலிருந்து நான் ஒரு அடியும் நகரவில்லை என்று அப்போது தெரிந்தது. அங்கே என் வாதம் பேய், இங்கே என் வாதம் நோய். மருந்துப் போத்தலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். கலியாணம் முடிந்தால் எல்லாம் சரிவரும் என்று டாக்டர் மாமாவிடம் சொன்னதும் காதில் விழுந்தது. திரும்பிப் போய், "எந்தக் கலியாணம் ஐயா? வேண்டாமெண்ட அந்தக் கலியாணமா?" என்று கேட்டேன். மாமா என் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தார்.

ஆனாலும் சொன்னபடி முகாமையாளர் என்னை வகுப்பில் நிற்க விட்டார். இடது கை எழுத்து மெல்ல மெல்ல நேரானது. மாதங்கள் போயின. மாரி வந்து வாவி பெருகியது.

ஒரு காலை, அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். கழுநீருக்குள் கிடந்த வலது கையின் பெருவிரல் அசைந்தது. தண்ணீர் அசைத்தது என்று நினைத்தேன். கையை வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி நினைத்தேன். பெருவிரல் விலகியது. நெல்மணி அளவுதான். நான் சத்தம் போடவில்லை. அம்மாவுக்கும் சொல்லவில்லை. சொன்னால் அது உடனே பிள்ளையாருடையதாகிவிடும், டாக்டருடையதாகிவிடும். ஒரு நாளாவது அது என்னுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அன்று பின்னேரம்தான் மாமா வந்தார். களுவாஞ்சிக்குடியில் மகனுக்கு வேறு இடம் பார்க்கிறோம், இனி உன் மகளைக் கேட்கமாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்தடுத்த நாட்களில் விரல்கள் ஒவ்வொன்றாக வந்தன. மணிக்கட்டு நிமிர்ந்தது. அதற்குமேல் மறைக்க முடியவில்லை. அவ்வளவுதான், சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். வெள்ளிக் கை என்றாள் அம்மா. எதிர்ப்பு நீங்கியதும் பேய் இறங்கிவிட்டது என்றார் கட்டாடியார். பட்டணத்துக்குப் போய்க் காட்டி, மாமா பேச்சை விட்டதையும் சொன்னபோது டாக்டருக்கு ஒரே மகிழ்ச்சி.

"நான் சொன்னனான்தானே? கலியாணப் பேச்சு விட்டுப்போச்சு, மனசு கையை விட்டிட்டுது."

"இல்ல ஐயா. விரல் அசைஞ்சது காலையில. மாமா வந்தது பின்னேரம்."

"ஆர் பாத்தது?"

"நான்."

"உம்மட மனசுக்கு முன்னமே தெரிஞ்சிருக்கும்" என்றார்.

"ஐயா, அவர் முதல் வந்து பிறகு விரல் அசைஞ்சிருந்தாலும் நீங்க சொன்னது சரி. விரல் அசைஞ்ச பிறகு அவர் வந்தாலும் சரி. எது நடந்தாத்தான் நீங்க சொன்னது பிழையாகும்?"

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவர் சொன்னது பிழை என்று இன்றுவரை என்னால் நிரூபிக்க முடியாது. வாங்குப் பலகைதான் என்றும் நிரூபிக்க முடியாது. தெரியாததைத் தெரியாது என்று வைத்திருக்க ஒருவருக்கும் பொறுமை இல்லை என்பதுதான் என் சண்டை.

அம்மாவோடு களுதாவளைக்குப் போனேன். நேர்த்தி அவளுடையது, அவளுடைய பயத்துக்கும் கண்ணீருக்கும் நான் மரியாதை செய்ய வேண்டும். பொங்கல் பானையை வலது கையால் தூக்கிக் கொடுத்தேன். "பிள்ளையார்தான் தந்தவர் எண்டு வாய்விட்டுச் சொல்லன் புள்ள" என்று உறவுக்காரப் பெண்கள் கேட்டார்கள். "அம்மா சொல்லுவா" என்றேன். அதற்குமேல் என்னிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

இதோடு முடிந்திருக்கும். ஆனால் களுவாஞ்சிக்குடிப் பேச்சு எதனாலோ முறிந்துபோயிற்று. அடுத்த வருடம் அறுவடை முடிந்ததும் மாமா மறுபடி வந்தார். இந்த முறை உறவினரோடு, வெற்றிலைத் தட்டோடு. மச்சானும் பின்னால் நின்றார். "கை சுகமாயிட்டுது. பழசை மறப்பம்" என்றார் மாமா.

"பள்ளிக்கூடம்?" என்று கேட்டேன்.

"அதை விட்டிரணும்."

"அப்ப வேண்டாம் மாமா."

ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாருடைய கண்ணும் என் வலது கையில் இருந்தது. அம்மா மூச்சுவிட மறந்து நின்றாள். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் நானும் கையைப் பார்த்தேன். பிறகு வெற்றிலைத் தட்டை அதே கையால் எடுத்து, ஆடாமல் அசையாமல் மாமாவின் முன் திருப்பி வைத்தேன்.

"நல்லாப் பாருங்க. நாளைக்கும் வந்து பாருங்க. வேண்டாமெண்டா கை விழும் எண்டீங்க. வேண்டாமெண்டு சொல்லிட்டன்."

மறுநாள் அண்டை வீட்டார் உப்புக் கேட்டு வந்தார்கள், கையைப் பார்த்துப் போனார்கள். அதற்கு மறுநாளும் வந்தார்கள். ஒரு கிழமைக்குப் பிறகு யாருக்கும் உப்புத் தேவைப்படவில்லை.

அந்தக் கிழமைக்குள் ஒரு பின்னேரம் மச்சான் தனியே வந்தார். வேலிப் படலையடியில் நின்றார்.

"மச்சாள், ஒண்டு கேக்கட்டா? நீங்க வேண்டாமெண்டது ஏன்?"

எல்லாரும் அதற்கு எது காரணம் என்று தேடினார்கள். பேய், மனசு, நோய், தெய்வம். ஏன் என்று என்னையே கேட்டவர் இவர் ஒருவர்தான்.

"சம்மதமா எண்டு உங்களைக் கேட்டன். நீங்க அப்பாட்டக் கேட்டீங்க. அதுதான்."

"ஓம். அது சரிதான்" என்றார். கோபிக்கவில்லை. படலையைச் சாத்திவிட்டுத் தோணித்துறைப் பக்கம் நடந்தார். வீட்டில் என்ன சொன்னாரோ தெரியாது, மாமா பிறகு அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. மச்சான் இரண்டு வருடம் கழித்து வாழைச்சேனைப் பக்கத்தில் கலியாணம் கட்டினார். அவருடைய மூத்த மகள் ஆசிரியையாக வந்தாள்.

நான் அடுத்த தையில் ஆசிரியர் கலாசாலைக்குப் போனேன். பெட்டியை அம்மா கட்டினாள். கட்டிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப ஏன்கா அந்தக் கை அப்பிடி விழுந்தது?"

"தெரியாதம்மா."

"இவ்வளவு படிச்சும் தெரியாதா?"

"தெரியாது."

அவள் பெட்டியின் மூடியை அமுக்கிப் பூட்டினாள். "சரி, பஸ் வரப்போகுது, வா" என்றாள்.